அடுத்த மாடல் வரட்டும்

ரெங்கராஜைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்து என்று ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும். இந்த மனிதர் மட்டும் மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, "அடுத்த பந்தியில பாயசம் இன்னும் சூடா வரும்" என்பார். அடுத்த பந்திக்குள் பாயசம் தீர்ந்து போயிருக்கும். ரசத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த மண்டபத்துக்காரனுக்கு நிர்வாகமே தெரியவில்லை என்று திட்டுவார். பக்கத்து இலையில் அதே ரசத்தைக் குடித்த மனைவி மணிமேகலைக்கும் அந்தத் திட்டில் பாதி வந்து விழும்.

பாலக்கரையில் மிக்ஸி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற கடை அவருடையது. கடையில் பேச்சே வேறு. "இதுக்குப் போயி யோசிப்பாங்களா? இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாதுங்க" என்று வந்தவர்களைக் கரைத்துவிடுவார். அவர் வீட்டு பிரிட்ஜின் கதவோ கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இதைவிட நல்லதாக ஒன்று வரப்போகிறதாம். வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருந்ததில் கயிறுதான் இற்றுப்போய்ப் புதுக் கயிறு வந்தது.

பிரிட்ஜோடு நின்றிருந்தால் மணிமேகலை சிரித்துவிட்டுப் போயிருப்பாள். கார் விஷயம் அப்படிச் சிரிக்கிற விஷயமாக இல்லை.

அவள் பாலக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். அதே நிர்வாகத்துக்கு லால்குடியைத் தாண்டி, வயலுக்கு நடுவில் இன்னொரு பள்ளிக்கூடம் உண்டு. போன வருஷம் மே மாதம் தாளாளர் கூப்பிட்டு, "அங்க ஹெட்மிஸ்ட்ரஸா போறீங்களாம்மா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்றதற்கு இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதானே ஏங்கிக் கிடந்தாள்! ஆனால் வீடு இருக்கிற ஸ்ரீரங்கத்திலிருந்து டோல்கேட், டோல்கேட்டிலிருந்து லால்குடி, அங்கிருந்து அந்த ஊருக்கு ஒரே ஒரு டவுன் பஸ். அந்த பஸ்ஸும் காலைப் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் ஊருக்குள் வந்து நிற்கும். ஹெட்மிஸ்ட்ரஸே லேட்டாக வந்தால் பிள்ளைகளை எந்த வாயால் கண்டிப்பது? அந்த ஊரிலேயே வீடு எடுத்துத் தங்கலாம்தான். புருஷனை ஸ்ரீரங்கத்தில் தனியாக விட்டுவிட்டு அப்படிப் போவதை அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கார் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

நல்ல வேளையாகக் காரும் ஏற்கெனவே புக் செய்தாகியிருந்தது. எலெக்ட்ரிக் கார். அவள் மேலூர் ரோட்டில் ஓட்டப் பழகி, ஒரு தென்னை மரத்தில் லேசாக உரசி, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கார்தான் வரப்போகிறதே என்று ரெங்கராஜ் வீட்டில் இருந்த ஸ்கூட்டரை விற்றுவிட்டார். விற்கிற காரியத்தில் மட்டும் அவர் காத்திருந்ததே கிடையாது.

வண்டி தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஷோரூமிலிருந்து போன் வந்தது. அதே வாரம் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டுவிட்டது. அடுத்து வருகிற வண்டிகளில் பேட்டரி மாறுகிறது, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் சிப் மாறுகிறது, கேமராக்கள் மாறுகின்றன. ரெங்கராஜ் அதைப் படித்துவிட்டு ராத்திரிச் சோறுகூட இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப எடுத்தோம்னா பழசைக் காசு குடுத்து வாங்கின மாதிரி ஆயிடும் மணி. கொஞ்சம் பொறுத்தா புது சிப்போட வந்துடும்."

"எனக்கு சிப்பு எதுக்குங்க? லால்குடி வரைக்கும் போயிட்டு வரணும். அவ்வளவுதான்."

வாக்குவாதம் வளர்ந்து, வீட்டில் பேச்சே நின்று போனது. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "நமக்குள்ள எதுக்கு சண்டை? அம்மன்கிட்ட பூ கேட்டுடுவோம். அவ என்ன சொல்றாளோ, அதுக்கு நான் கட்டுப்பட்டவன்" என்றார். மணிமேகலைக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

டோல்கேட்டைத் தாண்டி லால்குடி போகிற ரோட்டில், கொள்ளிடக் கரையோரம் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். பெண்ணுக்கு வந்த வரனை முடிக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் அங்கேதான் பூ கேட்பார்கள். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை இன்னொரு பொட்டலத்திலும் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைக்க வேண்டும். மடித்தவர் எடுக்கக் கூடாது. வேறு யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார்கள். வருகிற பூதான் அம்மன் வாக்கு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சிவப்பு வந்தால் உடனே எடுப்பது, வெள்ளை வந்தால் காத்திருப்பது என்று வேண்டிக்கொண்டார்கள். வெள்ளை வந்தது. மணிமேகலை மறுபேச்சுப் பேசவில்லை. தாளாளரிடம் போய், முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வேலைக்கு பிரேமலதா டீச்சர் போனாள். அதன் பிறகு ஒரு வருஷம் மணிமேகலை பாலக்கரை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். இடுப்பு விட்டுப் போகும். வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொள்வாள். ஒரு நாளாவது புருஷனைக் குறை சொன்னாளா? இல்லை. அம்மனே சொன்ன பிறகு யாரைக் குறை சொல்வது?

இந்த மே மாதம் பிரேமலதா குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டாள். தாளாளர் மறுபடியும் போன் செய்தார். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள லால்குடி ஆபீஸுக்கு நேர்ல வந்து சரின்னு சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். மூணாவது தடவை நான் கேக்க மாட்டேன்" என்றார்.

மணிமேகலை போனை வைத்ததும், "என்னங்க, இருக்கிற வண்டியை எடுத்துடலாங்க" என்று புருஷனிடம் ஓடினாள்.

ரெங்கராஜ் வாயிலிருந்த வெற்றிலையை மெதுவாக மென்றார். "புது சிப்பு இன்னும் வரலையே மணி. இத்தனை நாள் காத்துட்டு இப்பப் போயி பழசை எடுக்கறதா? எதுக்கும் இன்னொரு தடவை பூ கேட்டுப் பாத்துடுவோமே."

அவள் உடனே சரி என்றாள். ஒரு வருஷம் பொறுத்தவளை அம்மன் இந்தத் தடவை கைவிட மாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை. சிவப்பு வந்ததும் அங்கிருந்தே ஷோரூமுக்கு போன் செய்துவிட்டு, அதே ரோட்டில் பஸ் பிடித்து நேராக லால்குடி போய்விடலாம். நல்லதாக ஒரு பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள்.

கோயிலில் கூட்டமில்லை. வெயில் தகித்தது. கொள்ளிடத்தில் பேருக்குக்கூடத் தண்ணீர் இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல்தான். வாசலில் பூ விற்கிற செல்லக்கிளி போன வருஷமே இவர்களுக்குப் பழக்கம். போன தடவை கண்ணை மூடிக்கொண்டு பொட்டலம் எடுத்துத் தந்தவளே அவள்தான்.

"வாங்க டீச்சர். இன்னுமா காரு வரல? நான் நீங்க கார்லயே வந்து எறங்குவீங்கன்னுல்ல பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

ரெங்கராஜ் அவளிடம் ஒரு சிவப்பு ரோஜாவும் கொஞ்சம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது வாழை இலைத் துண்டில் மடித்த இரண்டு பொட்டலங்கள் கையில் இருந்தன. பூசாரி மருதை அவற்றை வாங்கி அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டினார். மணிமேகலை கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாயே, சிவப்பு, தாயே, சிவப்பு என்று உதடு தேய முணுமுணுத்தாள். செல்லக்கிளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணை மூடி, ஒன்றை எடுத்தாள். மருதை நூலைப் பிரித்தார்.

மல்லிகை.

மணிமேகலைக்கு அழுகை வந்துவிட்டது. கோயிலில் அழக்கூடாது என்று விழுங்கிக்கொண்டாள். "சரி தாயே" என்றாள். எனக்கு அந்த நாற்காலி எழுதி வைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். ரெங்கராஜ் உருக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செல்லக்கிளிக்குத்தான் பொறுக்கவில்லை. "டீச்சர் மொகமே வாடிப் போச்சே. பூசாரியாரே, இன்னொரு பொட்டலத்துல நம்ம ரோசாப்பூ இருக்கும்ல, அதைக் குடுங்க. அம்மன் காலடியில இருந்த பூ. தலையில வெச்சுக்கட்டும்."

"வேணாம் வேணாம்" என்று ரெங்கராஜ் பாய்ந்தார். "பிரிக்காத பொட்டலத்தை ஆத்துலதான் விடணும். அதான் முறை."

"அப்படி எல்லாம் இங்க முறை ஒண்ணும் கெடையாதுங்களே" என்றார் மருதை. "ஆத்துல தண்ணியும் இல்ல. இந்தாங்கம்மா, வாங்கிக்கங்க."

பொட்டலம் மணிமேகலையின் உள்ளங்கைக்கு வந்தது. அவள் நூலைப் பிரித்தாள். இலையை விரித்தாள்.

மல்லிகை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மன்தான் ஏதோ அதிசயம் பண்ணிவிட்டாள், சிவப்பை வெள்ளையாக்கிக் காட்டுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. உடம்பெல்லாம் புல்லரித்து, கை தானாகக் கும்பிடப் போனது. அப்புறம்தான் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. வெள்ளைச் சட்டையின் பைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ரோஜா தெரிந்தது.

"அடி ஆத்தாடி!" என்று செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது?" என்றாள் மணிமேகலை. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ரெண்டுமே வெள்ளையா?"

"மாறிப் போயிருக்கும் மணி. அவசரத்துல..."

"ரோஜா உங்க பையில இருக்கு."

ரெங்கராஜ் பையைக் கையால் மூடிக்கொண்டார். மூடி என்ன பிரயோஜனம்? முழுப் பூசணிக்காய்க்கு இத்தனூண்டு சோறு போதுமா?

"போன வருஷமும் இப்படித்தானா?"

அவர் அம்மனைப் பார்த்தார், மருதையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பழைய சிப்புல ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா ஒரு நொடி லேட்டா தெரியும் மணி. நான் படிச்சேன். உன்னோட நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார்.

ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்காக இந்த மனிதர் சாமி சன்னதியில் இரண்டு தடவை பொய் மடித்து வைத்திருக்கிறார்! வீட்டில் பொய் சொல்லியிருந்தால் கேட்டு, கத்தி, அழுது முடித்திருப்பாள். அவள் எந்த இடத்தில் மறுபேச்சுப் பேச மாட்டாளோ, அந்த இடமாகப் பார்த்துக் கூட்டி வந்து ஏமாற்றியிருக்கிறார். அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

"அம்மன்கிட்டயே ஆட்டம் காட்டிட்டீங்களேய்யா" என்றார் மருதை. இத்தனை வருஷப் பூஜையில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன பரிகாரம் சொல்வது என்றே தெரியாமல் நின்றார்.

மணிமேகலை கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஷோரூமில் இருக்கிற ஷஹனாஸின் நம்பர் புக்கிங் செய்த நாளிலிருந்து அவளிடம் உண்டு. ரெங்கராஜ், "மணி, மணி, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளு" என்று கையை நீட்டினார். அவள் தள்ளி நின்றுகொண்டாள்.

"ஷஹனாஸ், நான் மணிமேகலை டீச்சர் பேசறேன்மா. எங்களுக்குப் புது சிப்பெல்லாம் வேண்டாம். இப்ப கைவசம் எந்த வண்டி இருக்கோ அதையே குடுத்துடுங்க."

"மேடம்... புது சிப் வண்டி வந்துதான் ரொம்ப நாளாச்சே. தீபாவளிக்கு முன்னாடியே வந்துடுச்சு. நானே சாருக்கு போன் பண்ணிச் சொன்னேனே."

"தீபாவளிக்கா?"

"ஆமாம் மேடம். சார்தான், இதுக்கும் அடுத்து ஒண்ணு வரப்போகுதாமே, அது வரட்டும்னு சொல்லிட்டாரு. புக்கிங்கையும் அப்பவே கேன்சல் பண்ணிட்டாரே. உங்ககிட்ட சொல்லலைங்களா?"

"அப்ப நாங்க வரிசையிலயே இல்லையாம்மா?"

"இல்ல மேடம். புதுசா புக் பண்ணுங்க. ஆனா இப்ப வெயிட்டிங் ஜாஸ்தி. இன்னும் பல மாசம் ஆகும்."

"சரிம்மா" என்று போனை வைத்தாள்.

தீபாவளிக்குப் பிறகு எத்தனை நாள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம்தான், வண்டி வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்! வெள்ளிக்கிழமை தவறாமல், வண்டி சீக்கிரம் வரணும் என்று விளக்கேற்றினாளே! எந்த வண்டி? எங்கிருந்து வரும்? அவள் விளக்கேற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு கடைக்குப் போனாரே இந்த மனிதர்!

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன ரெங்கராஜ் வீட்டார் ஒரு வருஷத்துக்கு மேல் பதிலே சொல்லாமல் இழுத்தடித்தார்கள். நல்ல முகூர்த்தம் அமையவில்லை என்றார்கள். பிற்பாடு இவர்கூட அதைச் சொல்லிக் கேலி செய்வார், இவளும் சிரிப்பாள். எதற்காக இழுத்தார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. இப்போது, அந்தச் சன்னதியில் நின்றுகொண்டு யோசித்தாள். இவளைவிட நல்லதாக ஒன்று வரப்போகிறது என்றா?

"வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் வா" என்றார் ரெங்கராஜ்.

"நான் லால்குடி போறேன்."

"கார் இல்லாம எப்படித் தினம் போவ?"

"தினம் எதுக்குப் போகணும்? அந்த ஊர்லயே வாடகைக்கு ஒரு வீடு பாத்துக்கறேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிடுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. ரெங்கராஜ், "வீடா? அப்ப நான்? சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். செல்லக்கிளி தலையில் அடித்துக்கொண்டாள்.

மணிமேகலை அம்மனைக் கும்பிட்டாள். இரண்டு பொட்டலத்து மல்லிகையையும் சேர்த்துக் காலடியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். ரெங்கராஜ் பின்னாலேயே ஓடி வந்தார். "தப்புதான் மணி. புத்தி கெட்டுப்போச்சு. இனிமே நீ சொல்றதுதான். உன் தலை மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அந்தக் கண்ணைப் பார்த்தபோது, பாழாய்ப்போன மனசு, அவளுக்குக் கொஞ்சம் இளகத்தான் செய்தது. கட்டிக்கொண்டவர், கெட்டவர் இல்லை, கிறுக்குத்தான்.

டோல்கேட் பக்கமிருந்து லால்குடி பஸ் வந்தது. சாயங்காலம் ஆகப்போகிற நேரம், படிக்கட்டு வரைக்கும் ஆள். கை காட்டியதும் நின்றது. மணிமேகலை ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வாங்க" என்றாள். "நீங்களும் வந்து ஏறுங்க. தாளாளர்கிட்ட வந்து, எங்க வீட்டுக்காரி இந்த வேலைக்கு வர்றான்னு உங்க வாயாலயே சொல்லுங்க. மத்ததை எல்லாம் நான் விட்டுடறேன். வீடு பாக்கறதைப் பத்தியும் அப்புறமா யோசிப்போம்."

ரெங்கராஜ் ஓர் அடி முன்னால் வந்தார். படிக்கட்டைப் பார்த்தார். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, பஸ் வந்த திசையைப் பார்த்தார்.

"ரொம்பக் கூட்டமா இருக்கே மணி. இறங்கு. பின்னாலயே இன்னொண்ணு வரும், காலியா. அதுல உக்காந்துட்டே போயிடலாம்."

மணிமேகலை அவரையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை. அப்படியே நினைத்துத்தான் சொல்கிறார் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. கோயிலில் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தபோதுகூட அவளுக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

"ஏறுறீங்களா, இல்லையாம்மா?" என்றார் கண்டக்டர்.

அவள் அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். யாரோ ஒரு பெண் நகர்ந்து கம்பியில் கொஞ்சம் இடம் கொடுத்தாள். விசில் ஒலித்தது. "லால்குடி ஒண்ணு" என்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, தோள்களுக்கு நடுவில் கழுத்தை நீட்டிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ரெங்கராஜ் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். போகிற பஸ்ஸை அவர் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, டோல்கேட் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.